படிப்பதற்காக எழுதிய நிரல்

லிஸ்ப் என்ற கணினி மொழியில் ஒரு பட்டியலின் முதல் உறுப்பை எடுக்கும் கட்டளைக்குப் பெயர் கார். முதல் உறுப்பு போக மிச்சத்தை எடுக்கும் கட்டளையை சி, டி, ஆர் என்று மூன்று எழுத்தில் எழுதிவிட்டு ‘குடர்’ என்று உச்சரிக்கிறார்கள். குடலுக்குக் குடர் என்றொரு பழைய வடிவம் தமிழில் உண்டு. அதனால் கேட்டவுடனே எனக்கு இது பிடித்துப்போயிற்று. தலையை எடுத்துவிட்டால் பின்னால் நீளமாக உருவிக்கொண்டு வருவது குடர். யோசித்து வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

யாரும் யோசித்து வைக்கவும் இல்லை. லிஸ்ப் முதலில் ஓடிய இயந்திரம் ஐபிஎம் 704. வெற்றிடக் குழாய்களால் ஆன, ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் கணினி. அதன் நினைவகத்தில் ஒவ்வொரு சொல்லும் 36 பிட். அந்த 36-ஐ நான்கு பாகமாகப் பிரித்திருந்தார்கள்: முன்னொட்டு 3, டிக்ரிமென்ட் 15, டேக் 3, முகவரி 15. பதினைந்து பிட்டில் 32,768 இடங்களைச் சுட்டலாம். 704-இல் வைக்க முடிந்த அதிகபட்ச நினைவகமும் அவ்வளவுதான். ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு முகவரிகளைப் போட்டுவைக்க முடியும். முகவரிப் பாகத்தில் இருப்பதை எடுப்பது கார். டிக்ரிமென்ட் பாகத்தில் இருப்பதை எடுப்பது குடர். இரண்டும் ஆங்கிலத் தொடர்களின் முதலெழுத்துச் சுருக்கங்கள். 704 காயலான் கடைக்குப் போய்ப் பல காலம் ஆயிற்று. அதன் வயிற்றுக்குள் இருந்த இரண்டு பெட்டிகளின் பெயரை மட்டும் இன்றைக்கும் எங்கோ யாரோ தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்த மறுவாரமே எனக்கு ஒரு லிஸ்ப் இன்டர்பிரிட்டர், அதாவது லிஸ்பில் எழுதியதைப் படித்து ஓட்டிக்காட்டும் நிரல், எழுதிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. பிழைப்புக்கு நான் எழுதுவது கிடங்குக் கணக்கு நிரல்கள். சரக்கு வந்தது, சரக்கு போனது, மீதி எவ்வளவு, அவ்வளவுதான். பதினைந்து வருடமாகப் பிறர் செய்த மொழிகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு மொழி உள்ளே எப்படி ஓடுகிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. ஆயுசுக்கும் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அடுப்படிப் பக்கமே போகாதவன் கதை. இணையத்தில் ‘ஒரே நாளில் லிஸ்ப்’ வகையறா வழிகாட்டிகள் ஏராளம். அவற்றைத் தொடக்கூடாது, லிஸ்பை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி 1960 ஏப்ரலில் வெளியிட்ட மூலக் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். வீம்புதான். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஓரத்தில் குத்திக்கொண்டு வந்தேன். தலைப்பிலேயே ‘பகுதி 1’ என்று இருக்கிறது. பகுதி 2 கடைசிவரை வரவேயில்லை.

அந்தக் கட்டுரையில் மெக்கார்த்திக்கு இருந்த உத்தேசங்களில் ஒன்று கணிதம் சார்ந்தது. எந்த இயந்திரத்தின் விவரத்தைக் கொடுத்தாலும் அந்த இயந்திரமாகவே நடந்துகொள்ளும் ஒரு பொது இயந்திரத்தை ஆலன் டூரிங் 1936-இல் காகிதத்தில் கட்டிக் காட்டியிருந்தார். அதே காரியத்தை லிஸ்பில் இன்னும் சுத்தமாகச் செய்யலாம் என்று நிரூபிக்க மெக்கார்த்தி ஒரு ஃபங்ஷன் எழுதினார். பெயர் இவால். ஒரு லிஸ்ப் நிரலைப் பட்டியலாக அதன் கையில் கொடுத்தால், நிரலின் மதிப்பைக் கணக்கிட்டுத் திருப்பித் தரும். கட்டுரையில் மொத்தமே ஒரு பக்க அளவுதான் வரும்.

அவரிடம் வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல் அதைப் படித்துவிட்டு, இந்த இவாலை நான் ஏன் 704-இல் நிரலாக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார். மெக்கார்த்தி சிரித்தாராம். கோட்பாட்டையும் நடைமுறையையும் போட்டுக் குழப்புகிறாய், இது படிப்பதற்காக எழுதியது, ஓட்டுவதற்காக அல்ல என்பது அவருடைய பதில். ரஸ்ஸல் கேட்கவில்லை. கையாலேயே 704-இன் இயந்திர மொழிக்கு மாற்றி, வழியில் தென்பட்ட பிழைகளைத் திருத்தி, இதோ லிஸ்ப் இன்டர்பிரிட்டர் என்று கொண்டுவந்து வைத்துவிட்டார். மெக்கார்த்தியே பின்னாளில் சொன்ன கதை இது. (இதே ரஸ்ஸல்தான் 1962-இல் பிடிபி-1 கணினியில் ஸ்பேஸ்வார் விளையாட்டை எழுதியவர்களில் முதன்மையானவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் போல.)

‘வழியில் தென்பட்ட பிழைகளைத் திருத்தி’ என்பதை நான் முதல் தடவை கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன். அதற்கான தண்டனை பின்னால் வந்தது.

எழுத எடுத்துக்கொண்ட மொழி பைத்தான். லிஸ்பின் சொற்களைத் தமிழில் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். லிஸ்புக்குப் பெயர் என்பது வெறும் எழுத்துக் கோவை. அது எந்த மொழி என்பதைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. மேற்கோள், அணு, சமம், சேர், எனில், பெயர். பெயர் வைக்காத ஃபங்ஷனைக் குறிக்கும் லாம்டாவை லாம்டாவாகவே விட்டுவிட்டேன். காரையும் குடரையும் மாற்ற மனம் வரவில்லை.

(கார் (மேற்கோள் (அ ஆ இ)))
அ

(குடர் (மேற்கோள் (அ ஆ இ)))
(ஆ இ)

இந்த இரண்டு வரி வருவதற்கே ஒரு முழுச் சனிக்கிழமை போயிற்று. உரையைப் படித்துப் பெயர்களாகவும் அடைப்புக்குறிகளாகவும் பிரிக்கும் பகுதியில், எழுத்தா இல்லையா என்று பைத்தானிடமே கேட்டு எழுதியிருந்தேன். ‘க’ எழுத்தா என்று கேட்டால் ஆம் என்கிறது. துணைக்காலையோ புள்ளியையோ காட்டி எழுத்தா என்று கேட்டால் இல்லை என்கிறது. யூனிகோடில் அவை ‘குறிகள்’ என்ற தனி வகை. ஆக, ‘கார்’ என்று நான் தட்டியது உள்ளே போகும்போது ககரம் ஒரு பெயர், துணைக்கால் ஒரு குப்பை, ரகரம் ஒரு பெயர், புள்ளி ஒரு குப்பை என்று நாலு துண்டாகிவிட்டது. கடைசியில் எழுத்தா என்று கேட்பதையே விட்டேன். இடைவெளி, திறக்கும் அடைப்புக்குறி, மூடும் அடைப்புக்குறி, இந்த மூன்றைத் தவிர எது வந்தாலும் பெயர்தான். லிஸ்புக்கு அது போதும். வேறெந்த மொழியாக இருந்தாலும் இவ்வளவு சுலபமாகத் தப்பித்திருக்க மாட்டேன்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ‘பொ’வை ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம், ஒகர உயிர்க்குறி ஒன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ‘பொருள்’ என்ற பெயரை ஓரிடத்தில் தட்டச்சு செய்து, இன்னோரிடத்தில் பழைய கோப்பிலிருந்து ஒட்டியிருந்தேன். சமமா என்று கேட்டால் இல்லை என்றது. கண்ணுக்குத் தெரியாத சண்டை. உள்ளே வரும் உரையை முதலிலேயே யூனிகோடின் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகு அடங்கியது.

சரி, இவாலுக்கு வருகிறேன். அதன் விதிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கையில் இருப்பது தனிப் பெயரா? சூழல் பட்டியலில் அதன் மதிப்பைத் தேடிக் கொடு. சூழல் பட்டியல் என்பது இந்தப் பெயருக்கு இந்த மதிப்பு என்ற இணைகளின் வரிசை. புதிய இணை வந்தால் முன்னால் ஒட்டிக்கொள்ளும். மேற்கோள் என்று தொடங்குகிறதா? உள்ளே இருப்பதைத் தொடாமல் அப்படியே கொடு. கார், குடர், சேர், அணு, சமம் என்றால் உறுப்புகளை மதிப்பிட்டு அந்தந்த வேலையைச் செய். எனில் என்றால் நிபந்தனைகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார். லாம்டா என்றால் அளவுருக்களையும் மதிப்புகளையும் இணைத்துச் சூழலில் முன்னால் ஒட்டிவிட்டு உடலை மதிப்பிடு. ‘பெயர்’ என்ற கட்டளை, ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே அழைத்துக்கொள்ள வழி செய்வது. இவற்றில் எதிலும் அடங்காமல் ஒரு பெயர் முதலில் நின்றால், அது நாம் வைத்த பெயர். சூழலில் தேடி, கிடைத்ததை அந்த இடத்தில் போட்டு மறுபடி மதிப்பிடு.

அச்சுத்தாளை இடது பக்கம் வைத்துக்கொண்டு வரிக்கு வரி தட்டினேன். முதல் சோதனைக்குக் கட்டுரையில் இருக்கும் உதாரணத்தையே எடுத்தேன். எத்தனை அடைப்புக்குறிக்குள் புதைந்திருந்தாலும் முதல் அணுவை, அதாவது பட்டியலாக இல்லாத தனிப் பெயரை, தோண்டி எடுக்கும் ஃபங்ஷன்.

((பெயர் முதலணு (லாம்டா (ப)
  (எனில் ((அணு ப) ப)
         ((மேற்கோள் மெய்) (முதலணு (கார் ப))))))
 (மேற்கோள் ((அ ஆ) இ)))

மெய்யைக்கூட மேற்கோளுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். வைக்காவிட்டால் அதையும் ஒரு பெயராக நினைத்துச் சூழலில் தேடும். வர வேண்டிய விடை அ. வந்தது இது:

பெயர் தெரியவில்லை: அ

இரண்டு நாள் இதோடு மாரடித்தேன். தட்டச்சில் தவறோ, அடைப்புக்குறி எங்காவது விட்டுப்போயிற்றோ, பைத்தானில் ஏதாவது கோளாறோ என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கட்டுரையைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை. 1971-இல் டூரிங் விருது வாங்கியவர் எழுதியது, அதில் போய்க் கிடங்குக் கணக்கு எழுதுகிறவன் கை வைப்பதா?

மூன்றாம் நாள் காகிதத்தில் ஒவ்வொரு படியாக எழுதிப் பார்த்தேன். முதலணு தன்னைத்தானே அழைக்கும் இடத்தில் நிற்பது (கார் ப). கட்டுரையின் அந்தக் கடைசி விதி, பெயரைத் தேடிப் பதிலாகப் போடும்போதே உறுப்புகளையும் மதிப்பிட்டுவிடுகிறது. ஆக, (கார் ப) என்பது (அ ஆ) என்று ஆகிவிடுகிறது. பிறகு மொத்தமும் மறுபடி இவாலுக்குள் போகிறது. அங்கே லாம்டா விதி, தன் கடமைப்படி, உறுப்புகளை இன்னொரு முறை மதிப்பிடுகிறது. (அ ஆ) என்பது இப்போது அதன் கண்ணுக்கு ஒரு ஃபங்ஷன் அழைப்பு. அ என்ற ஃபங்ஷன் எங்கே என்று தேடிவிட்டு, தெரியவில்லை என்கிறது. வெந்த சோற்றை மறுபடி உலையில் போட்ட கதை. உறுப்புகளை மதிப்பிடும் இவ்லிஸ் என்ற துணை ஃபங்ஷனை அந்த இடத்திலிருந்து நீக்கிவிட்டு, மதிப்பிடாத உறுப்புகளை அப்படியே அனுப்பினால் போதும். திருத்தினேன். அ வந்தது.

அச்சான இந்த வரியைப் பின்னாளில் வேறு சிலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு மெக்கார்த்தி மேல் மதிப்பு குறையவில்லை. அவர்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டாரே, படிப்பதற்காக எழுதியது என்று. படிக்கும்போது அந்த வரி சரியாகத்தான் இருக்கிறது. பெயரை மாற்று, உறுப்புகளை மதிப்பிடு, மேலே போ. மனித மூளை ஒருமுறை மதிப்பிட்டதை மறுபடி மதிப்பிடாமல் தானாகவே விட்டுவிடும். 704 விடாது.

அடுத்த பிழை இதைவிட ஆழமானது. ஒரு பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின் மேலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ‘ஒவ்வொன்றும்’ என்ற ஃபங்ஷனை எழுதியிருந்தேன். அதை வைத்து, ஊர்ப் பெயர்களுக்கு முன்னால் மாவட்டப் பெயரைச் சேர்க்கும் சின்ன நிரல். மாவட்டம் மதுரை, ஊர்கள் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி. எதிர்பார்த்தது:

((மதுரை மேலூர்) (மதுரை திருமங்கலம்) (மதுரை உசிலம்பட்டி))

வந்தது:

(((மேலூர் திருமங்கலம் உசிலம்பட்டி) மேலூர்) ((திருமங்கலம் உசிலம்பட்டி) திருமங்கலம்) ((உசிலம்பட்டி) உசிலம்பட்டி))

மதுரையைக் காணோம். ஊர் முன்னால் ஊர்களே வரிசை கட்டி நிற்கின்றன, அதுவும் ஒவ்வொன்றாகத் தேய்ந்துகொண்டு. இந்தத் தேய்மானம்தான் துப்பு கொடுத்தது. மாவட்டத்தின் பெயரை வைத்திருந்த மாறிக்கு நான் சோம்பேறித்தனமாக ‘ப’ என்று பெயர் வைத்திருந்தேன். ‘ஒவ்வொன்றும்’ ஃபங்ஷனுக்குள்ளும் பட்டியலை வைத்திருந்த மாறி ‘ப’தான். நான் அனுப்பிய லாம்டா ‘ப’வைத் தேடியபோது, சூழல் பட்டியலில் கடைசியாக ஒட்டப்பட்ட ‘ப’ முதலில் மாட்டியது. அது பட்டியலின் மிச்சம். மதுரை அதற்குப் பின்னால் எங்கோ மறைந்து நின்றது.

அதாவது, ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் பெயருக்கு என்ன பொருள் என்பது அது எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்ததா, அழைக்கப்படும் இடத்தைப் பொறுத்ததா? ‘அம்மா’ என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தால் அது எழுதியவருடைய அம்மாவா, படிப்பவருடைய அம்மாவா? வெளிப்படையாகக் கேட்டால் குழந்தைகூட விடை சொல்லும். ஆனால் கட்டுரையில் இருக்கும் எளிய வழியை அப்படியே பின்பற்றினால் படிப்பவரின் அம்மாதான் வருவாள்.

இதில் எனக்கு முன்னால் மாட்டியவர் ஜேம்ஸ் ஸ்லேகிள். தொகையீட்டுக் கணக்குகளைக் குறியீடுகளாகவே போடும் நிரலை 1961-இல் எழுதியவர். ஒரு கிளைப்பட்டியலில் தேடிக்கொண்டு போய், ஒரு பக்கம் கிடைக்காவிட்டால் மறுபக்கம் தேட ஒரு லாம்டாவைக் கையோடு எடுத்துச் செல்லும் ஃபங்ஷனை அவர் எழுதினார். அது தவறான விடை தந்தது. லாம்டாவுக்குள் இருந்த மாறியின் மதிப்பு அதற்குள் மாறிப்போயிருந்தது. என் மதுரை போல. மெக்கார்த்தி இதைச் சாதாரணப் பிழை என்று நினைத்து, ரஸ்ஸல் சரிசெய்துவிடுவார் என்று விட்டுவிட்டாராம். ரஸ்ஸலும் சரிசெய்தார். ஃபங்ஷனை மட்டும் அனுப்பாமல், அது பிறந்தபோது இருந்த சூழல் பட்டியலையும் சேர்த்து ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புவது அவருடைய வழி. அந்தப் பொட்டலத்துக்கு ஃபனார்க் என்று பெயர். ஆனால் 1962-இல் வந்த லிஸ்ப் 1.5-இல் அது வேண்டுமானால் நிரலாளர்தான் நினைவாகக் கேட்க வேண்டும். கேட்க மறந்தால் பழைய கதைதான்.

இது சாதாரணப் பிழையாக இல்லை. எழுதப்பட்ட இடத்தின் சூழலையே இயல்பாக எடுத்துக்கொள்ளும் லிஸ்பை ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் ஸ்கீம் என்ற பெயரில் செய்தது 1975-இல். ஈமேக்ஸ் எடிட்டரின் லிஸ்பில் அந்த வசதி வந்து சேர 2012 ஆயிற்று. நான் பைத்தானில் நாலு வரி சேர்த்து முடித்தேன். நாலு வரிக்கு எனக்குக் கிடைத்த அவகாசம் அறுபது சொச்சம் வருடம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பைத்தானில் எழுதும்போது ஓர் உறுத்தல் இருந்தது. தன்னைத்தானே அழைப்பது, வேண்டாத நினைவகத்தைத் துடைப்பது எல்லாவற்றையும் பைத்தான் எனக்குத் தெரியாமலே செய்துவிடுகிறது. ரஸ்ஸலுக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே இரண்டாம் முறை, வெறும் எண்களின் வரிசை ஒன்றை 704-இன் நினைவகமாகப் பாவித்து எழுதினேன். சேர் என்றால் குடரின் முகவரியை 18 பிட் இடப்பக்கம் தள்ளி, காரின் முகவரியோடு கூட்டி, காலியாக இருக்கும் ஓர் இடத்தில் வை.

காலி இடங்கள் தீர்ந்துபோனால்? மெக்கார்த்தியின் கட்டுரைப்படி அவர்களிடம் தொடக்கத்தில் சுமார் 15,000 காலிச் சொற்கள் இருந்தன. தீர்ந்ததும் நிரல் நின்றுவிடும். பயன்பாட்டில் இருக்கும் பட்டியல்களையெல்லாம் தொடர்ந்து போய், ஒவ்வொரு சொல்லின் குறியையும் எதிர்மமாக மாற்றுவார்கள். பிறகு நினைவகம் முழுக்க ஒரு நடை. குறி மாறாதவையெல்லாம் குப்பை, மறுபடி காலிப் பட்டியலில் சேரும். இதற்குச் சில வினாடிகள் ஆகும் என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். தங்களுக்குள் ‘குப்பை பொறுக்குவது’ என்றே சொல்லிக்கொண்டார்களாம். கட்டுரையில் அப்படி எழுதத்தான் துணிச்சல் வரவில்லை.

என் நினைவகத்துக்கு வேண்டுமென்றே 200 இடம்தான் கொடுத்தேன், குப்பைப் பொறுக்கல் அடிக்கடி நடக்கட்டும் என்று. நடந்தது. நடக்கும்போதெல்லாம் சில பட்டியல்கள் காணாமல் போயின. பாதிக் கணக்கில் கையில் வைத்திருந்தவற்றை எங்கும் பதிவு செய்யாமல் பைத்தான் மாறிகளில் வைத்திருந்தேன். என் பொறுக்கிக்கு அவை தெரியாது. அவற்றையும் ஓர் அடுக்கில் ஏற்றி இறக்கிய பிறகு அது தீர்ந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தது: (()) என்ற பட்டியல். உள்ளே ஒரு வெற்றுப் பட்டியலை மட்டும் வைத்திருக்கும் பட்டியல்.

வெற்றுப் பட்டியலின் முகவரியை நான் பூஜ்யம் என்று வைத்திருந்தேன். ஆக, (()) என்பதற்குக் காரும் பூஜ்யம், குடரும் பூஜ்யம். மொத்தச் சொல்லும் பூஜ்யம். பூஜ்யத்தின் குறியை எதிர்மமாக மாற்றினால் பைத்தானில் பூஜ்யம்தான். அடையாளமே விழவில்லை, குப்பை என்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. 704-இல் இது நடந்திருக்காது. அந்த இயந்திரத்தில் குறிக்குத் தனி பிட்; கூட்டல் பூஜ்யம், கழித்தல் பூஜ்யம் என்று இரண்டு பூஜ்யங்கள் உண்டு. ஓர் எண்ணுக்கு இரண்டு வடிவம் என்பது எனக்கு எப்போதும் அசட்டுத்தனமாகத் தோன்றும். அன்றைக்குத்தான் அதன் மேல் ஒரு மரியாதை வந்தது. நான் அடையாளத்துக்கென்று தனியாக இன்னொரு வரிசை வைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஓர் ஆசை மிச்சம் இருந்தது. இவால் லிஸ்பிலேயே எழுதப்பட்டது அல்லவா? அப்படியானால் அதையே என் இன்டர்பிரிட்டருக்குக் கொடுத்து, லிஸ்புக்குள் லிஸ்ப் ஓட்டலாம். இது சின்ன நினைவகத்துக்குத் தாங்காது என்பதால் முதலில் எழுதிய பைத்தான் வடிவத்தையே எடுத்தேன். பைத்தான் ஆயிரம் அழைப்பு ஆழத்துக்கு மேல் போனால் நின்றுவிடும். அந்த எல்லையை ஏற்றிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அதே அச்சுத்தாளை இடது பக்கம் வைத்துக்கொண்டு, இவால் முழுவதையும் தமிழ்ப் பெயர்களில், அடைப்புக்குறிகளை எண்ணி எண்ணித் தட்டினேன். உள் லிஸ்புக்குள் பழைய முதலணுவையே கொடுத்தேன். ((அ ஆ) இ). மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ஒரு வரியைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் பெரிதாக ‘இரண்டு தடவை வேகிறது’ என்று எழுதியும் வைத்திருந்தேன். கை என்னவோ அச்சை மட்டும் பார்த்துத் தட்டியிருக்கிறது.

பெயர் தெரியவில்லை: அ